மெய்நிகர் வரைபலகை (லினக்ஸ்)

மெய்நிகர் வரைபலகை என்பது, வன்பொருளாக இல்லாமல் மென்பொருளால் உருவாக்கப்பட்டு, இயங்குதளத்துக்கு உண்மையான வரைபலகையைப் போலவே தோற்றமளிக்கும் உள்ளீட்டுச் சாதனம் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தகைய சாதனத்தை உருவாக்குவதற்கு, அதன் கருனியில் உள்ள யூஇன்புட் எனப்படும் இடைமுகம் பயன்படுகின்றது. பேனாவின் இடம், அது பரப்பைத் தொடுகின்றதா என்பது, எவ்வளவு அழுத்தத்துடன் தொடுகின்றது என்பது ஆகிய தகவல்களை ஒரு சாதாரண நிரல் இவ்விடைமுகத்தின் வழியாகக் கருனிக்கு வழங்க முடியும். கிம்ப், கிரிட்டா, மைபெயின்ட் போன்ற வரைகலை மென்பொருள்கள் அத்தகவல்களை உண்மையான பேனாவிலிருந்து வந்தவை போலவே ஏற்றுக்கொள்கின்றன.

இதன் முதன்மையான பயன், தனியாக வரைபலகை வாங்க இயலாத ஒருவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள, பேனா வசதி கொண்ட திறன்பேசியையோ டேப்லெட் கணினியையோ வரைபலகையாகப் பயன்படுத்த முடிவதாகும். லினக்சுக்கான சாதன இயக்கி இல்லாத வரைபலகைகளைப் பயன்படுத்தவும், உள்ளீட்டு மென்பொருள்களைச் சோதிக்கவும்கூட இம்முறை கையாளப்படுகின்றது.

வரைபலகையும் அழுத்தமும்

வரைபலகை என்பது, தட்டையான பரப்பின் மீது பேனா போன்ற கருவியை நகர்த்திக் கோடுகளையும் எழுத்துகளையும் கணினியில் உள்ளிட உதவும் சாதனம் ஆகும். 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய வரைபலகை தொடக்ககால வரைபலகைகளுள் புகழ்பெற்றது. அதன் பேனா முனையில் ஓர் ஆளி இருந்தது. பேனா பலகையை அழுத்துகின்றதா, இல்லையா என்பதை மட்டும் அது கணினிக்குத் தெரிவித்தது. அழுத்தத்தின் அளவை அது கூறவில்லை.

தாளில் பென்சிலால் வரையும்போது மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடும், வலுவாக அழுத்தினால் தடித்த கோடும் கிடைக்கின்றன. கணினிச் சுட்டியில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. சுட்டியின் பொத்தானுக்கு அழுத்தியது, விடுவித்தது என்னும் இரு நிலைகள் மட்டுமே உண்டு. அழுத்தம் உணரும் வரைபலகை இக்குறையைத் தீர்க்கின்றது. அது பேனாவின் அழுத்தத்தை ஓர் எண்ணாக மாற்றி, இட ஆயங்களுடன் சேர்த்து அனுப்புகின்றது. வரைதல் மென்பொருள் அவ்வெண்ணைக் கொண்டு தூரிகையின் பருமனையோ நிறத்தின் ஒளிபுகாத் தன்மையையோ மாற்றுகின்றது.

1983 இல் நிறுவப்பட்ட யப்பானிய நிறுவனமான வாகோம், மின்கலம் தேவைப்படாத மின்காந்த ஒத்திசைவுப் பேனாக்களால் இத்துறையில் முன்னணி பெற்றது. இந்நிறுவனம் 2009 இல் வெளியிட்ட இன்டுவோஸ்4 வரிசை 2048 அழுத்த நிலைகளையும், 2017 இல் வெளியிட்ட இன்டுவோஸ் புரோ வரிசை 8192 அழுத்த நிலைகளையும் பிரித்தறிந்தன. முன்னது 11 இரும இலக்கங்களுக்கும் பின்னது 13 இரும இலக்கங்களுக்கும் சமமாகும்.

2011 இல் வெளியான சாம்சங் கேலக்சி நோட் திறன்பேசியும், 2015 இல் வெளியான ஆப்பிள் பென்சிலும் அழுத்தம் உணரும் பேனாக்களைக் கையடக்கக் கருவிகளில் பரவலாக்கின. அழுத்தத்தை அளக்கும் வன்பொருள் இவ்வாறு பலரது கைக்கு வந்து சேர்ந்தது. அந்த அளவை லினக்ஸ் கணினிக்குக் கொண்டு சேர்ப்பதே மெய்நிகர் வரைபலகையின் பணியாகும்.

வரலாறு

லினக்ஸ் கருனியின் பொது உள்ளீட்டுத் துணைமுறைமையை வோய்டெக் பாவ்லிக் என்பவர் உருவாக்கினார். விசைப்பலகை, சுட்டி, விளையாட்டுப்பிடி, வரைபலகை ஆகிய அனைத்தையும் ஒரே வடிவமான நிகழ்வுகளாகக் காட்டுவது இத்துணைமுறைமையின் அடிப்படைக் கருத்து ஆகும். ஒரு நிகழ்வு எந்த வன்பொருளிலிருந்து வந்தது என்பதை மேலேயுள்ள மென்பொருள் அறியத் தேவையில்லை என்பதால், வன்பொருளே இல்லாத சாதனத்துக்கும் இதில் இடமிருந்தது.

அவ்விடத்தை நிரப்பும் யூஇன்புட் கூறின் முதற் பதிப்பு 2002 இல் வெளியானது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் அது இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் சாதனம் ஒன்றை உருவாக்க விரும்பும் நிரல், ஒவ்வொரு அச்சின் சிறும, பெரும மதிப்புகளை ஒரு நிலையான தரவு அமைப்பில் எழுதி அனுப்பியது. அச்சின் பிரிதிறனைக் குறிப்பதற்கு அவ்வமைப்பில் இடம் இருக்கவில்லை. இச்சிறு குறை பின்னர் பெரிய சிக்கலாக மாறியது.

எக்ஸ் சாளர முறைமையில் அழுத்தம் என்பது இட அச்சுகளுக்கு அடுத்ததாக வரும் மற்றொரு அச்சாக, எக்ஸ் உள்ளீட்டு நீட்சியின் மூலம் நிரல்களைச் சென்றடைந்தது. இந்நீட்சியின் இரண்டாம் பதிப்பு 2009 இல் எக்ஸ் வழங்கி 1.7 உடன் வெளியானது. அதன் பின்னர் உருவான லிப்இன்புட் என்னும் நிரலகம், உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் பணியை ஓரிடத்தில் தொகுத்தது. 2016 பெப்ரவரியில் வெளியான அதன் 1.2 பதிப்பில் வரைபலகை ஆதரவு சேர்க்கப்பட்டது. பரப்பின் உண்மையான அளவு தெரியாத வரைபலகைகளை லிப்இன்புட் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த அளவைப் பிரிதிறனைக் கொண்டே கணக்கிட முடியும்.

2016 மார்ச்சில் வெளியான 4.5 கருனி, யூஇன்புட் இடைமுகத்தில் இரு புதிய கட்டுப்பாட்டு அழைப்புகளைச் சேர்த்தது. இவற்றுள் ஒன்றின் மூலம் ஒவ்வொரு அச்சின் பிரிதிறனையும் அறிவிக்க முடிகின்றது. பழைய முறையில் எழுதப்பட்ட மெய்நிகர் வரைபலகை நிரல்கள் சில, புதிய லினக்ஸ் வழங்கல்களில் திடீரெனச் செயலிழந்ததற்கான காரணத்தை இங்கு காணலாம்.

உள்ளீடு செல்லும் பாதை

பேனாவிலிருந்து வரும் அழுத்த மதிப்பு ஓவியத்தில் கோடாக மாறுவதற்கு முன்னர் பின்வரும் அடுக்குகளைக் கடக்கின்றது.

1. கருனி: சாதன இயக்கியோ யூஇன்புட் வழியாக ஒரு நிரலோ நிகழ்வை வழங்குகின்றது. கருனி அதனை ஈவிடெவ் எனப்படும் சாதனக் கோப்பின் மூலம் வெளியிடுகின்றது.
2. யூடெவ்: புதிய சாதனம் தோன்றியவுடன் அதன் திறன்களை ஆராய்ந்து, அது விசைப்பலகையா, சுட்டியா, தொடுதிரையா, வரைபலகையா என்று வகைப்படுத்துகின்றது.
3. லிப்இன்புட் அல்லது எக்ஸ் வழங்கியின் சாதன இயக்கி: மூல எண்களைப் பொருளுள்ள அளவுகளாக மாற்றுகின்றது. லிப்இன்புட்டில் அழுத்தம் 0 முதல் 1 வரையான எண்ணாக மாறுகின்றது.
4. சாளர முறைமை: நிகழ்வை உரிய சாளரத்துக்கு அனுப்புகின்றது. வேலண்ட் நெறிமுறையின் வரைபலகைப் பகுதியில் அழுத்தம் 0 முதல் 65535 வரையான முழு எண்ணாகக் குறிக்கப்படுகின்றது.
5. வரைதல் மென்பொருள்: தனது அழுத்த வளைகோட்டின்படி அவ்வெண்ணைத் தூரிகைக்குப் பொருத்துகின்றது.

இவ்வடுக்குகளுள் ஒன்றில் சாதனம் தவறாக அடையாளம் காணப்பட்டாலும் அழுத்தம் அங்கேயே கைவிடப்படுகின்றது. பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை. குறிமுள் வழக்கம்போல் நகரும். ஆனால் கோட்டின் பருமன் மாறாது.

செயற்படும் முறை

சாதனத்தை அறிவித்தல்

யூஇன்புட் என்பது சாதனக் கோப்புகள் வைக்கப்படும் அடைவில் உள்ள ஒரு கோப்பாகும். நிரல் அக்கோப்பைத் திறந்து, தான் உருவாக்கவிருக்கும் சாதனத்தின் திறன்களை ஒவ்வொன்றாக அறிவிக்கின்றது. அதன் பின்னரே சாதனத்தை உருவாக்குமாறு கோருகின்றது. உருவாக்கிய பின்னர் புதிய திறன்களைச் சேர்க்க இயலாது. அறிவிக்கப்படாத நிகழ்வுகளை நிரல் அனுப்பினாலும் கருனி அவற்றை வெளியிடுவதில்லை. ஆகவே மெய்நிகர் வரைபலகை சரியாகச் செயற்படுவது பெரும்பாலும் இவ்வறிவிப்பு முழுமையாக இருப்பதையே சார்ந்துள்ளது.

வரைபலகை ஒன்றுக்குத் தேவையான முக்கிய குறியெண்கள் பின்வருமாறு:

- கிடை அச்சு: 0
- குத்து அச்சு: 1
- அழுத்த அச்சு: 24
- பரப்பிலிருந்து பேனாவின் தொலைவு: 25
- கிடைவாக்கில் பேனாவின் சாய்வு: 26
- குத்துவாக்கில் பேனாவின் சாய்வு: 27
- பேனா அருகில் உள்ளது: பொத்தான் 320
- அழிப்பான் அருகில் உள்ளது: பொத்தான் 321
- முனை பரப்பைத் தொடுகின்றது: பொத்தான் 330
- பேனாவின் பக்கப் பொத்தான்கள்: 331, 332

இவற்றுள் 320 அல்லது 331 என்னும் பொத்தான்களின் அறிவிப்பே ஒரு சாதனத்தை வரைபலகை என்று அடையாளம் காட்டுகின்றது. இட அச்சுகளுடன் இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் யூடெவ் அதனை வரைபலகையாக வகைப்படுத்துகின்றது. இவ்விரண்டும் இல்லாமல் சுட்டியின் பொத்தான் மட்டும் அறிவிக்கப்பட்டால், அது முழு ஆயங்களைத் தரும் சுட்டியாகக் கருதப்படும். தொடுதல் பொத்தானாகிய 330 மட்டும் அறிவிக்கப்பட்டால் தொடுதிரையாகக் கருதப்படும். லிப்இன்புட் தொடுதிரை நிகழ்வுகளில் அழுத்தத்தை வெளியிடுவதில்லை. எனவே அழுத்த அச்சை அறிவித்திருந்தாலும் அதனால் பயன் விளையாது.

ஒவ்வொரு அச்சுக்கும் சிறும மதிப்பு, பெரும மதிப்பு, பிரிதிறன் ஆகியவை குறிக்கப்படுகின்றன. இட அச்சுகளின் பிரிதிறன் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை அலகுகள் என்னும் கணக்கில் கூறப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 150 மில்லிமீட்டர் அகலமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட திறன்பேசித் திரையை வரைபலகையாக்குவதாகக் கொள்வோம். கிடை அச்சை 0 முதல் 15000 வரை எனவும், குத்து அச்சை 0 முதல் 7000 வரை எனவும், பிரிதிறனை 100 எனவும் அறிவித்தால் இவ்வளவுகள் சரியாகக் கிடைக்கும். அழுத்த அச்சை 0 முதல் 8191 வரை என அறிவிக்கலாம்.

நடுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டல் அளவு ஒன்றையும் அச்சுக்குக் குறிக்க முடியும். அது சுழியமாக இல்லாவிட்டால், முந்திய மதிப்புக்கு மிக அருகிலுள்ள புதிய மதிப்புகளைக் கருனி புறக்கணிக்கும், அல்லது முந்திய மதிப்புடன் கலந்து சராசரியாக்கும். பேனாவின் நுண்ணிய அசைவுகளை இழக்காமல் இருக்க மெய்நிகர் வரைபலகையில் இதனைச் சுழியமாக வைப்பது பொருத்தமாகும்.

நிகழ்வுகளை அனுப்புதல்

ஒவ்வொரு நிகழ்வும் நேரம், வகை, குறியெண், மதிப்பு என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. 64 இருமக் கணினியில் இது 24 பைட்டு நீளமுடையது. பொத்தான் நிகழ்வுகளின் வகை எண் 1 ஆகவும், முழு ஆய நிகழ்வுகளின் வகை எண் 3 ஆகவும் உள்ளன. ஒரே கணத்தில் நிகழ்ந்தவற்றை அனுப்பி முடித்ததும் வகை 0 கொண்ட ஒத்திசைவு நிகழ்வு ஒன்றை அனுப்ப வேண்டும். அதுவரை வந்தவை அனைத்தும் சேர்ந்து ஒரே நிலையாகக் கொள்ளப்படுகின்றன. இடமும் அழுத்தமும் தனித்தனி நிகழ்வுகளாக வந்தாலும் அவை ஒரே புள்ளிக்குரியவை என்பதை ஒத்திசைவு நிகழ்வே உணர்த்துகின்றது.

ஒரு கோட்டை வரைவதற்கான வரிசை பின்வருமாறு அமையும்:

1. இட ஆயங்களையும், பொத்தான் 320 இன் மதிப்பு 1 என்பதையும் அனுப்பி ஒத்திசைத்தல். பேனா பரப்பை நெருங்கியது.
2. அழுத்த மதிப்பையும், பொத்தான் 330 இன் மதிப்பு 1 என்பதையும் அனுப்பி ஒத்திசைத்தல். முனை பரப்பைத் தொட்டது.
3. புதிய ஆயங்களையும் புதிய அழுத்தத்தையும் அனுப்பி ஒத்திசைத்தல். கோடு முடியும் வரை இது தொடரும்.
4. அழுத்தம் 0, பொத்தான் 330 இன் மதிப்பு 0 ஆகியவற்றை அனுப்பி ஒத்திசைத்தல். முனை உயர்ந்தது.
5. பொத்தான் 320 இன் மதிப்பு 0 என்பதை அனுப்பி ஒத்திசைத்தல். பேனா விலகியது.

முதற் படியைத் தவிர்த்து நேரடியாக இரண்டாம் படிக்குச் செல்வது புதிதாக நிரல் எழுதுவோர் செய்யும் பிழையாகும். எந்தக் கருவி அருகில் உள்ளது என்பது தெரியாத நிலையில் வரும் அழுத்தத்துக்குப் பொருள் இல்லை. அது பேனாவின் முனையா, மறுமுனையில் உள்ள அழிப்பானா என்பதை முதற் படியே தீர்மானிக்கின்றது.

கருனி ஓர் அச்சின் மதிப்பு மாறும்போது மட்டுமே நிகழ்வை வெளியிடுகின்றது. பேனா அசையாமல் ஒரே அழுத்தத்தில் இருந்தால், நிரல் எத்தனை முறை அதே எண்ணை அனுப்பினாலும் மேலேயுள்ள மென்பொருளுக்கு அது சென்றடையாது. இது பிழையன்று.

அழுத்த மதிப்பின் மூலம்

மெய்நிகர் வரைபலகை அழுத்தத்தை அளப்பதில்லை. வேறொரு கருவி அளந்ததை எடுத்துச் செல்ல மட்டுமே அதனால் முடியும். ஆகவே அழுத்தம் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

ஆண்ட்ராய்டு இயங்குதளம் ஒவ்வொரு தொடுதலுக்கும் பொதுவாக 0 முதல் 1 வரையான அழுத்த எண்ணைத் தருகின்றது. சில கருவிகளில் இது 1 ஐத் தாண்டுவதும் உண்டு. எனவே அதனைப் பெரும மதிப்புக்குள் வரம்பிட்ட பின்னரே அனுப்புதல் வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 0.4 என்னும் அழுத்தம் 8191 ஆல் பெருக்கப்பட்டு 3276 ஆகும். அழுத்தத்தை அளக்கும் பேனாவிலிருந்து வரும்போது மட்டுமே இவ்வெண் நம்பத்தக்கது. விரலால் தொடும்போது சில கருவிகள் விரல் படும் பரப்பின் அளவிலிருந்து இதனை ஊகிக்கின்றன. வேறு சில எப்போதும் ஒரே எண்ணைத் தருகின்றன.

உலாவியின் வழியாகவும் அழுத்தத்தைப் பெறலாம். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2015 இல் பரிந்துரையாக வெளியிட்ட சுட்டு நிகழ்வுகள் என்னும் சீர்தரம், அழுத்தத்தை 0 முதல் 1 வரையான எண்ணாக வரையறுக்கின்றது. அழுத்தத்தை அளக்க இயலாத வன்பொருளில், பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்போது 0.5 எனவும் மற்ற நேரத்தில் 0 எனவும் தரவேண்டும் என்பது அதன் விதியாகும். வரைபலகையில் அழுத்தம் எப்போதும் பாதியிலேயே நிற்குமானால், குறை லினக்ஸ் பக்கத்தில் இல்லை, அழுத்தம் அறியாத மூலக்கருவியில் உள்ளது என்பதை இதைக்கொண்டு அறியலாம்.

பயன்படுத்தும் மென்பொருள்கள்

- ஜிஎஃப்எக்ஸ்டேப்லெட்: ஆண்ட்ராய்டுச் செயலி ஒன்றையும் லினக்ஸ் வழங்கி ஒன்றையும் கொண்ட கட்டற்ற மென்பொருள். செயலி ஆயங்களையும் அழுத்தத்தையும் யூ.டி.பி. பொதிகளாக வலையமைப்பில் அனுப்புகின்றது. வழங்கி அவற்றை யூஇன்புட் நிகழ்வுகளாக மாற்றுகின்றது.
- வெய்லஸ்: ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. டேப்லெட்டில் தனிச் செயலியை நிறுவத் தேவையில்லை. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதுமானது. லினக்சில் யூஇன்புட் மூலம் அழுத்தத்தை வழங்குகின்றது.
- ஓப்பன்டேப்லெட்டிரைவர்: பல நிறுவனங்களின் உண்மையான வரைபலகைகளைப் பயனர் வெளியிலிருந்து இயக்கும் மென்பொருள். ஓவியர்களுக்கான அதன் முறையில், வன்பொருளிலிருந்து படித்த தரவைக் கொண்டு லினக்சில் மெய்நிகர் வரைபலகை ஒன்றை உருவாக்குகின்றது.
- கியூஇஎம்யூ: இம்மெய்நிகர்க் கணினி மென்பொருளில் வாகோம் பென்பார்ட்னர் வரைபலகையின் போன்மம் ஒன்று உள்ளது. இது விருந்தினர் இயங்குதளத்துக்கு இடத்துடன் தொடு அழுத்தத்தையும் தெரிவிக்கின்றது. இது யூஇன்புட்டைப் பயன்படுத்தாமல் யூ.எஸ்.பி. சாதனத்தையே போன்மம் செய்வதாகும்.
- ஈவெமு: ஓர் உண்மையான சாதனத்தின் அறிவிப்பையும் நிகழ்வுகளையும் பதிவு செய்து, வேறொரு கணினியில் யூஇன்புட் மூலம் மீள இயக்குகின்றது. வரைபலகை கையில் இல்லாமலேயே அதன் பிழையை ஆராய இது உதவுகின்றது.

லிப்இன்புட் நிரலகத்தின் சோதனைத் தொகுப்பும் இதே முறையையே கையாள்கின்றது. வெவ்வேறு வகைச் சாதனங்களை யூஇன்புட்டில் உருவாக்கி அந்நிரலகம் சோதிக்கப்படுகின்றது.

பொதுவான சிக்கல்கள்

சாதனக் கோப்பு இல்லாமை: யூஇன்புட் தனிக் கருனிக் கூறாகத் தொகுக்கப்பட்டிருந்தால், அது ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும்.

அளவு தெரியாமை: இட அச்சுகளின் பிரிதிறன் அறிவிக்கப்படாவிட்டால் லிப்இன்புட் சாதனத்தைப் புறக்கணித்து, அதனைத் தனது பதிவேட்டில் குறிக்கின்றது. நிரலைத் திருத்த இயலாத இடத்தில், யூடெவ்வின் வன்பொருள் தரவுத்தளத்தில் அச்சாதனத்துக்கான பிரிதிறனைச் சேர்த்து இதனைச் சரிசெய்யலாம்.

முதற் கோடு தவறுதல்: சாதனம் உருவானவுடன் நிரல் நிகழ்வுகளை அனுப்பத் தொடங்கினால், சாளர முறைமை அதனைக் கண்டறிவதற்குள் அவை வீணாகிவிடும். இதனால் கருனி ஆவணத்தின் எடுத்துக்காட்டு நிரல்களில், சாதனத்தை உருவாக்கிய பின்னர் ஒரு நொடி காத்திருக்கும் கட்டளை சேர்க்கப்பட்டுள்ளது.

வட்டம் நீள்வட்டமாதல்: 150 மில்லிமீட்டருக்கு 70 மில்லிமீட்டர் கொண்ட பரப்பை 1920 க்கு 1080 படவணுக்கள் கொண்ட திரைக்கு முழுமையாகப் பொருத்தினால், கிடைவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 12.8 படவணுக்களும் குத்துவாக்கில் ஏறத்தாழ 15.4 படவணுக்களும் கிடைக்கின்றன. 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் 448 படவணு அகலமும் 540 படவணு உயரமும் கொண்ட நீள்வட்டமாக மாறும். அகலத்தில் ஏறத்தாழ 124 மில்லிமீட்டரை மட்டும் பயன்படுத்தினால் விகிதம் சரியாகும்.

பேனா ஒட்டிக்கொள்ளுதல்: யூ.டி.பி. நெறிமுறையில் பொதிகள் தொலைந்து போகலாம். நடுவில் ஒரு புள்ளி தொலைந்தால் கண்ணுக்குத் தெரியாது. பேனா உயர்ந்ததைக் கூறும் பொதி தொலைந்தால் கோடு முடிவின்றித் தொடரும். குறித்த நேரத்துக்குள் பொதி எதுவும் வராவிட்டால் வழங்கியே பேனாவை உயர்த்திவிடுவது இதற்கு ஏற்ற தீர்வாகும். வழங்கி நிரல் நின்றுபோனால் கருனி அச்சாதனத்தை நீக்கி, அழுத்தப்பட்டிருந்த பொத்தான்களைத் தானே விடுவிக்கின்றது.

மென்பொருள் அமைப்பு: கிம்ப் 2 வரிசையில் உள்ளீட்டுச் சாதனங்களுக்கான உரையாடலில் சாதனத்தைத் திரை முறைக்கு மாற்றினால்தான் அழுத்தம் கிடைக்கும். கிரிட்டாவின் அமைப்புகளில் வரைபலகையைச் சோதிக்கும் கருவி ஒன்று உள்ளது.

சிக்கல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை அறியக் கீழிருந்து மேலாகச் சோதிப்பது பயன்தரும். ஈவிடெஸ்ட் என்னும் கருவி கருனி வெளியிடும் எண்களை அப்படியே காட்டுகின்றது. அங்கு அழுத்தம் மாறினால், லிப்இன்புட்டின் பிழைகாண் கட்டளையில் அது வரைபலகை நிகழ்வாகத் தோன்றுகின்றதா என்று பார்க்கவேண்டும். அங்கும் சரியாக இருந்தால் சிக்கல் வரைதல் மென்பொருளின் அமைப்பில் இருக்கலாம்.

பாதுகாப்பு

யூஇன்புட் கோப்பில் எழுதும் உரிமை பெற்ற நிரல், வரைபலகையை மட்டுமன்றி விசைப்பலகையையும் உருவாக்க முடியும். அவ்வாறு உருவாக்கிய விசைப்பலகையிலிருந்து, கணினியின் முன் அமர்ந்திருப்பவரே தட்டச்சு செய்வதுபோல் எந்தக் கட்டளையையும் இட முடியும். ஒரு சாளரத்தின் உள்ளீட்டை மற்றொரு நிரல் தொடாதவாறு வேலண்ட் காக்கின்றது. ஆயினும் யூஇன்புட் அதற்கும் கீழான அடுக்கில் இருப்பதால் அக்காவல் இங்குப் பயன்படாது. இக்காரணத்தால் இக்கோப்பு வழக்கமாக மூலப் பயனருக்கு மட்டுமே திறந்திருக்கின்றது.

வரைபலகை செயற்படவில்லை என்னும் அவசரத்தில் இக்கோப்பை எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிடுவது, வரைபலகை வேலை முடிந்த பின்னரும் கணினியைத் திறந்தே வைத்திருப்பதாகும். வழங்கி நிரலை மூலப் பயனராக இயக்குவதும் விரும்பத்தக்கதன்று. தனிக் குழு ஒன்றை உருவாக்கி, யூடெவ் விதியின் மூலம் அக்குழுவுக்கு மட்டும் எழுதும் உரிமை வழங்கி, வழங்கி நிரலை அக்குழுவில் இயக்குவது பாதுகாப்பான வழியாகும். கிம்ப், கிரிட்டா போன்றவற்றுக்கு இவ்வுரிமை தேவையில்லை.

வலையமைப்பின் வழியாக வரும் தரவுக்கும் இது பொருந்தும். அனுப்புநர் யார் என்று கேட்காத வழங்கி, அதே வலையமைப்பில் உள்ள எவரும் பேனாவை நகர்த்தி எதையும் சொடுக்க இடமளிக்கின்றது. கல்லூரி, நூலகம் போன்ற பொது வை-ஃபை வலையமைப்புகளில் இதனைத் தவிர்த்து, யூ.எஸ்.பி. இணைப்பையோ தனிப்பட்ட வலையமைப்பையோ பயன்படுத்துவது நன்று.

வேறு வழி

2012 இல் வெளியான 3.6 கருனியில் யூஎச்ஐடி என்னும் மற்றோர் இடைமுகம் சேர்க்கப்பட்டது. இதில் நிரல் தனித்தனி நிகழ்வுகளை அனுப்புவதில்லை. யூ.எஸ்.பி. சாதனங்கள் தம்மைப் பற்றித் தரும் விவரிப்பு அட்டவணையையும் மூலத் தரவு அறிக்கைகளையும் அனுப்புகின்றது. கருனியின் வழக்கமான சாதன இயக்கிகள் அவற்றைப் படித்து நிகழ்வுகளாக மாற்றுகின்றன. சாதன இயக்கிகளையே சோதிக்க இம்முறை ஏற்றது. திறன்பேசியை வரைபலகையாக்கும் எளிய தேவைக்கு யூஇன்புட் போதுமானது.

வரம்புகள்

மெய்நிகர் வரைபலகை உண்மையான வரைபலகைக்கு எல்லா வகையிலும் ஈடாகாது. வலையமைப்பின் காலதாமதம் கையின் அசைவுக்கும் கோட்டுக்கும் இடையே இடைவெளியை ஏற்படுத்துகின்றது. உலாவிகள் நகர்வு நிகழ்வுகளைத் திரையின் புதுப்பிப்பு வேகத்துக்கு ஏற்பத் தொகுத்துத் தருவதால், இடைப்பட்ட புள்ளிகளைத் தனியே கேட்டுப் பெறாவிட்டால் விரைவாக வரையும் வளைவுகள் கோணலாகத் தோன்றும். அழுத்த அச்சை 8192 நிலைகள் கொண்டதாக அறிவிப்பதால் மட்டும் நுண்மை கூடுவதில்லை. மூலக்கருவி 1024 நிலைகளை மட்டும் தருமாயின், எட்டில் ஒரு பங்கு நிலைகளே உண்மையில் பயன்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- வரைபலகை
- லினக்ஸ் கருனி
- எக்ஸ் சாளர முறைமை
- வேலண்ட்
- சாதன இயக்கி
- கிம்ப்
- கிரிட்டா
- கட்டற்ற மென்பொருள்